கலப்புச் செடியின் மௌனம்

நம் வீடுகளில் அஞ்சறைப் பெட்டியின் ஒரு கிண்ணத்தை எப்போதும் நிறைத்திருக்கும் கடுகு, தாவர சாஸ்திரத்தின் கணக்கில் ஓர் இனத்திலிருந்து மட்டும் வந்த வித்து அன்று. மனிதன் எவனும் திட்டமிடாத ஒரு காலத்தில், அடுத்தடுத்துப் பூத்து நின்ற இரு வேறு இனச் செடிகளின் மகரந்தமும் சூலும் கலந்து, இரண்டின் குரோமோசோம்களும் ஒரே உயிரணுவின் உட்கருவுக்குள் குடியேறி, அந்தக் கலப்பு மலடாகிப் போகாமல் தழைத்து வம்சம் வளர்த்ததன் பயனே இன்று நாம் தாளிக்கும் கடுகு. இச்செடியின் இலையை எடுத்து ஆராய்ந்தால், பெற்றோர் இருவருள் ஒருவரிடமிருந்து வந்த மரபணுக்களில் ஒரு பெருங்கூட்டம் வாய் திறவாமல் அடங்கிக் கிடப்பதைக் காணலாம். அவை தொலைந்து போனவை அல்ல, எழுத்துப் பிழையால் கெட்டுப் போனவையும் அல்ல. உரிய இடத்தில், உரிய வரிசையில், முழுமையாக இருந்துகொண்டே மௌனம் சாதிப்பவை. இந்த மௌனத்தைத் தாவர ஆராய்ச்சியாளர்கள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அறிவார்கள். ஆனால் விதைக்குச் சட்டம் இயற்றுவோரும், கன்றுகளுக்குச் சான்றிதழ் வழங்குவோரும், வீரிய ஒட்டு ரகங்களைப் பற்றி மேடைகளில் வாதிடுவோரும் அதை இன்னும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதும், சேர்த்துக்கொள்ளாததன் நஷ்டம் கடைசியில் பயிரிடுகிறவன் தலையிலேயே விழுகிறது என்பதும் என் அபிப்பிராயம். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கடுகின் வம்சாவளியைத் தெளிவாக வரைந்து காட்டியவர் நாகஹாரு ஊ என்னும் அறிஞர். கொரியத் தந்தைக்கு ஜப்பானில் பிறந்து, பிற்காலத்தில் கொரியாவுக்கே திரும்பிச் சென்று அந்நாட்டின் முள்ளங்கி, முட்டைக்கோசு விதைகளைச் சீர்ப்படுத்தித் தம் இறுதி நாட்களைக் கழித்தவர் அவர். 1935-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம் வியக்கத்தக்க எளிமை உடையது. கருங்கடுகின் ஒரு தொகுதியில் எட்டுக் குரோமோசோம்கள். முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூல்கோல் ஆகியவற்றை ஈன்ற இனத்தில் ஒன்பது. டர்னிப் கிழங்கையும் சீனக் கோசையும் தந்த இனத்தில் பத்து. இம்மூன்றில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஒரு புதிய கலப்பினம் பிறக்கிறது. எட்டும் பத்தும் சேர்ந்து இரட்டித்து 36 குரோமோசோம்களோடு நிற்பது நம் கடுகு. ஒன்பதும் பத்தும் சேர்ந்து 38 ஆனது கனோலா எண்ணெய் பிழியப்படும் ராப்புச் செடி. எட்டும் ஒன்பதும் சேர்ந்து 34 ஆனது எத்தியோப்பியாவின் கடுகு. இவற்றை ஒரு முக்கோணமாக வரைந்ததோடு அவர் நிற்கவில்லை. டர்னிப் இனத்தையும் கோசு இனத்தையும் தம் கையால் கலந்து ராப்புச் செடியை மீண்டும் பிறப்பித்தும் காட்டினார்.

அவர் எண்ணிக் காட்டியது குரோமோசோம்களின் கூட்டல் கணக்கை. அந்தக் கணக்கின்படி பெற்றோரின் குணங்கள் எல்லாம் பிள்ளையிடத்தில் கூடியிருக்க வேண்டும். பிரகிருதியோ கூட்டல் கணக்கோடு நிற்பதில்லை.

இதை முதலில் நுண்ணோக்கியில் கண்டவர் ரஷ்யரான மிகயில் நவாஷின். கிரெப்பிஸ் என்ற மஞ்சள் பூச்செடிகளின் இனங்களை ஒன்றோடொன்று கலந்து, பிறந்த செடிகளின் உயிரணுக்களை அவர் பார்த்தபோது, ஒரு பெற்றோரின் குறிப்பிட்ட குரோமோசோமில் நுனியில் குமிழ் போலத் தனித்துத் தெரிய வேண்டிய துணுக்கு, கலப்பில் தெரியவில்லை. குரோமோசோம் என்னவோ இருந்தது. அதன் குமிழ் தனித்து நிற்கவில்லை. அதைவிட ஆச்சரியம் அடுத்துக் காத்திருந்தது. அந்தக் கலப்பைத் திரும்பவும் பெற்றோர் இனத்தோடு சேர்த்து, மற்ற இனத்தின் குரோமோசோம்கள் நீங்கிய சந்ததியை எடுத்துப் பார்த்தால், மறைந்த குமிழ் மீண்டும் முளைத்திருந்தது. ஆகவே கலப்பில் நேர்ந்தது நாசம் அன்று, அடக்கம். அதுவும் திரும்பப் பெறத்தக்க அடக்கம். 1934-இல் அவர் இதைத் தொகுத்து எழுதிய காலத்தில், மரபணு எதனால் ஆனது என்பதே உலகத்துக்குத் தெரியாது.

குமிழுக்கும் குரோமோசோமுக்கும் இடையே உள்ள அந்த ஒடுங்கிய இடத்தில்தான், புரதங்களை வார்த்தெடுக்கும் ரைபோசோம் என்ற நுண்கருவியின் உறுப்புகளைச் செய்யும் மரபணுக்கள், ஒரே வாசகத்தை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் திரும்பத் திரும்ப எழுதினாற்போல, வரிசையாக அமைந்திருக்கின்றன. அவை வேலை செய்யும்போது அவற்றைச் சுற்றி உட்கருவுக்குள் இன்னொரு சிறிய உருண்டை திரள்கிறது. அதற்கு நியூக்ளியோலஸ் என்று பெயர். கலப்புச் செடியில் ஒரு பெற்றோரின் வரிசை மட்டும் வேலை செய்ய, மற்றவரின் வரிசை அடங்கிவிடுகிறது. இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழத் தொடங்கியபின், இரண்டு அடுப்புகளையும் இடித்துவிடாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மூட்டுவது போன்ற ஏற்பாடு இது.

எந்த அடுப்பு மூட்டப்படும் என்பதுதான் இந்த விஷயத்தில் மிகவும் சுவையான பகுதி. 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி சென், கிரெய்க் பிகார்ட் ஆகிய இருவரும் ஊவின் முக்கோணத்தில் உள்ள கலப்பினங்களை எடுத்து இதைச் சோதித்தார்கள். கருங்கடுகின் வரிசை, தன்னோடு சேர்ந்தது டர்னிப்பானாலும் கோசானாலும், அதை அடக்கிவிடுகிறது. டர்னிப்பின் வரிசை கோசை அடக்குகிறது. கோசு எங்கே போனாலும் அடங்குகிறது. நம் கடுகில் மௌனமாய்க் கிடப்பவை டர்னிப்பின் மரபணுக்கள். அதே டர்னிப்பின் மரபணுக்கள் ராப்புச் செடியில் கோசை அடக்கிவிட்டுத் தாமே வேலை செய்கின்றன. அப்படியானால் அவற்றுக்குத் திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு மரபணு பேசுமா பேசாதா என்பது அதன் எழுத்தைக் கொண்டு மட்டும் தீர்மானமாவதன்று. யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது.

அவர்கள் அடுத்துச் செய்த சோதனை அடக்கத்தின் சூத்திரத்தையே வெளிப்படுத்தியது. டி.என்.ஏ. இழையில் சைட்டோசின் என்ற எழுத்தின்மீது மெதில் என்னும் சிறிய ரசாயனக் குறி ஒன்று ஏறுவதுண்டு. இழையைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின்மீதும் வேறு குறிகள் ஏறி இறங்குவதுண்டு. எழுத்தை மாற்றாமல், எழுத்தின்மேல் இடப்படும் இத்தகைய குறிகளால் மரபணுக்கள் அடக்கப்படுவதையும் எழுப்பப்படுவதையும் எபிஜெனெடிக் கட்டுப்பாடு என்கிறார்கள். மெதில் குறி ஏறாதபடி தடுக்கும் ஒரு மருந்தையோ, ஹிஸ்டோன் குறிகளைக் குலைக்கும் ஒரு மருந்தையோ நாற்றுகளுக்குக் கொடுத்தபோது, அடங்கிக் கிடந்த கோசின் மரபணுக்கள் எழுந்து வேலை செய்தன. மருந்தே இல்லாமலும் அவை எழுகின்ற ஓர் இடம் உண்டு என்பதையும் அதே ஆண்டில் அவர்கள் கண்டார்கள். ராப்புச் செடியின் இலையில் மௌனமாயிருந்த கோசின் வரிசை, செடி பூக்கும்போது பூவின் புல்லியிலும் அல்லியிலும் ஏனைய உறுப்புகளிலும் விழித்துக்கொள்கிறது. வளரும் பருவம் முழுவதும் அடங்கியிருந்து, சந்ததிக்கு வழி செய்யும் பருவத்தில் மட்டும் எழுகின்ற இந்த ஒழுங்கை முதன்முறை படித்தபோது எனக்கு உண்டான பரவசம், எத்தனை முறை எண்ணினாலும் குறைவதில்லை.

மௌனம் என்றதும் ஏதோ ஒன்று நடவாதிருத்தல் என்று நமக்குத் தோன்றும். உயிரணுவுக்குள் அது இடைவிடாத உழைப்பு. ஒவ்வொரு முறை உயிரணு இரண்டாகப் பிரியும்போதும், புதிதாகப் பிரதியெடுக்கப்பட்ட இழையில் மெதில் குறி இராது. பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையில் அதே இடத்தில் குறியிடுவதற்கென்றே நொதிகள் உள்ளன. எந்த இடத்தில் குறியிட வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுப்பதற்குத் தாவரங்களிடம் இருபத்தைந்து எழுத்துகளுக்குள் அடங்கும் குட்டி ஆர்.என்.ஏ. துணுக்குகளும் உள்ளன. இத்துணுக்குகளை இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் ஹாமில்டனும் பால்கோமும் 1999-இல் கண்டறிந்தார்கள். குறியிடும் இந்த உழைப்பு தடைப்பட்டால் மௌனம் கலைகிறது. கலைந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவும் நிகழ வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பவருக்கு, பார்பரா மக்ளின்டாக் அம்மையாரின் கருத்து இன்றும் தக்க விடையாக நிற்கிறது. மக்காச்சோளத்தின் குரோமோசோம்களையே வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்; இடம் விட்டு இடம் தாவும் மரபணுக்கூறுகளைக் கண்டுபிடித்து, உலகம் அதை ஏற்கப் பல்லாண்டுகள் காத்திருந்து, 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். அப்பரிசு உரையில் அவர் வலியுறுத்திய ஒரு கருத்து, உயிரணுவின் மரபுத் தொகுதி எதிர்பாராத அதிர்ச்சிக்கு ஆட்பட்டால் தன்னைத் தானே மாற்றியமைத்துக்கொள்ள முற்படுகிறது என்பது. இரு வேறு இனங்கள் ஒரே உட்கருவில் சேர்வதையும் அத்தகைய அதிர்ச்சிகளுள் ஒன்றாகவே அவர் வைத்தார். இரு தொகுதிகளிலும் தாவும் கூறுகள் உண்டு. ஒவ்வொரு தொகுதியும் தன்னுடையவற்றை அடக்கி வைக்கத் தனித்தனி ஏற்பாடு செய்து வைத்திருக்கும். சேர்க்கையில் இந்த ஏற்பாடுகள் ஒன்றோடொன்று இசைய வேண்டும். இசையும் வரையில் சில மரபணுக்கள் அடங்குகின்றன, சில எழுகின்றன, சில காணாமலே போகின்றன. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலும் கோதுமையிலும் புதிதாகக் கலப்பினங்களை உண்டாக்கிப் பார்த்தவர்கள், இந்த மாறுதல்கள் ஆயிரம் ஆண்டுகளில் மெல்ல நேர்பவை அல்ல, முதல் சில தலைமுறைகளுக்குள்ளேயே நேர்ந்துவிடுபவை என்று 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதினார்கள்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். கலப்பு என்பது கூட்டல் அன்று. எந்த மரபணு பேச வேண்டும், எது அடங்க வேண்டும் என்ற தீர்ப்பு ஒவ்வொரு கலப்பிலும் புதிதாகச் செய்யப்படுகிறது. அந்தத் தீர்ப்பு சில சமயம் தலைமுறைகளுக்கிடையிலும், சில சமயம் ஒரே செடியின் ஆயுளுக்குள்ளும் மாறுகிறது. அப்படியிருக்க, ஒரு ரகத்தின் டி.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து ‘இது அதுவே’ என்று முத்திரை குத்திவிடுவதும், இரண்டொரு பருவத்து மகசூலைப் பார்த்து ‘இது இனி இப்படியே இருக்கும்’ என்று உறுதி கூறுவதும், அறிந்த உண்மையைப் புறக்கணித்துச் செய்யும் காரியங்கள்.

பருவச் சோதனை எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்கு ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1990-ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் தாவர ஆராய்ச்சிக் கழகத்தார், மக்காச்சோளத்திலிருந்து ஒரு மரபணுவை எடுத்துப் பெட்டூனியாச் செடியில் சேர்த்து, அதுவரை அச்செடியில் இல்லாத செங்கல் சிவப்பு நிறப் பூக்களைப் பெற்றிருந்தார்கள். கண்ணாடிக் குடிலில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஏறக்குறைய 30,000 செடிகளை வெளி வயலில் நட்டார்கள். பருவத்தின் தொடக்கத்தில் பூத்த பூக்கள் பெரும்பாலும் நல்ல சிவப்பு. வெயில் ஏற ஏற, அதே செடிகளில் பின்னால் பூத்த பூக்களின் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரே கிளையில் கீழே சிவந்த பூவும் மேலே சோகை பிடித்த பூவுமாக நிற்கும் செடிகளைக் கற்பனை செய்து பாருங்கள். ஆராய்ந்தபோது, சேர்க்கப்பட்ட மரபணு எங்கும் போய்விடவில்லை. அதைத் தொடக்கி வைக்கும் பகுதியில் மெதில் குறி ஏறியிருந்தது. அந்த வயலை முதல் மாதத்தோடு பார்த்துவிட்டு வீடு திரும்பிய ஒருவர் வெற்றி என்று அறிக்கை எழுதியிருப்பார். அவர் பொய் சொன்னவராகவும் இருக்கமாட்டார்.

பெட்டூனியா அழகுக்கு வளர்ப்பது. நிறம் வெளுத்தால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. எண்ணெய்ப் பனையின் கதை அப்படிப்பட்டதன்று. மலேசியத் தமிழர் செம்பனை என்று வழங்கும் அம்மரத்தைச் சிலாங்கூரில் 1917-இல் தென்னமாரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிகப் பயிராக நட்ட காலந்தொட்டு, ரப்பர் மரங்களை அடுத்து அதன் குலைகளை வெட்டியும் உதிரிப் பழங்களைப் பொறுக்கியும் உழைத்த தலைமுறைகளில் நம்மவர் ஏராளம். இன்று தோட்டங்களில் நிற்கும் மரம் ஒரு கலப்பு. கனத்த ஓடுடைய டூரா என்ற வகையும், ஓடே இல்லாததும் பெரும்பாலும் காய் பிடிக்காததுமான பிசிஃபெரா என்ற வகையும் கலந்தால், மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உள்ள டெனெரா பிறக்கிறது என்பதை, பெல்ஜியக் காங்கோவில் பெயிர்நாயர்ட், வாண்டர்வேயன் என்ற இருவர் 1941-இல் நிறுவினார்கள். டூராவைவிட டெனெரா ஏறக்குறைய முப்பது சதவீதம் அதிகம் எண்ணெய் தருவது. ஆனால் விதையிலிருந்து வரும் டெனெராக் கன்றுகள் தமக்குள் ஒத்திருப்பதில்லை. நூற்றில் ஒன்று அபாரமாகக் காய்த்தாலும் அதன் விதை அதுபோல இருப்பதில்லை. எனவே சிறந்த மரத்தின் இளங்குருத்திலிருந்து திசுவை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, அதே மரத்தின் பிரதிகளாக ஆயிரக்கணக்கில் கன்றுகளைப் பெறலாம் என்ற யோசனை 1970-களில் செயலுக்கு வந்தது.

கன்றுகள் செழிப்பாக வளர்ந்தன. இலையில் குறையில்லை, தண்டில் குறையில்லை. நட்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் குலை தள்ளத் தொடங்கியபோதுதான் சில மரங்களில் விபரீதம் தெரிந்தது. எண்ணெய்ப் பனையின் நல்ல பழம், நுனியில் கறுத்து அடியில் செம்மஞ்சளாய், கையில் எடுத்தால் பளபளவென்று வழுவழுப்பாய் இருக்கும். இம்மரங்களின் பழமோ, நடுப் பழத்தைச் சுற்றிச் சதைப்பற்றுள்ள பல மடல்கள் விரல் மூடினாற்போல எழுந்து, போர்வை போர்த்த உருவத்தில் வந்தது; பெண் பூவில் ஆண் உறுப்பின் எச்சமாக நிற்க வேண்டியவை அனைத்தும் சூலகங்களாகவே மாறிவிட்டதன் விளைவு அது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மரத்தில் குலை முழுவதும் முதிராமல் அழுகி உதிர்ந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் பலன் தர வேண்டிய மரத்தில், இடமும் உரமும் உழைப்பும் மூன்று ஆண்டுகளுக்கு வீணான பின்னரே நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் விசித்திரமாக, இவற்றில் சில மரங்கள் பல ஆண்டுகளுக்குப் பின் தாமாகவே நேராகி நல்ல பழம் தந்தன. எழுத்து மாறியிருந்தால் இப்படித் திரும்பாது என்பதை ஊகிக்கலாம். எந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்கவோ மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன.

2015-இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆராய்ச்சியாளர்கள், மக்ளின்டாக் அம்மையார் உழைத்த அதே கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தாரோடு சேர்ந்து, விடையைக் கண்டார்கள். பூவின் உறுப்புகளை வகுக்கும் ஒரு மரபணுவின் நடுவே, கர்மா என்று பெயரிடப்பட்ட தாவும் கூறு ஒன்று எப்போதோ வந்து தங்கியிருக்கிறது. நல்ல மரத்தில் அதன்மேல் மெதில் குறி அடர்த்தியாக இருந்து அதை அடக்கி வைத்திருக்கிறது. அடங்கியிருக்கும் வரையில் அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆய்வகக் குடுவையில் திசு பெருகும்போது சில கன்றுகளில் அந்தக் குறி கழன்றுவிடுகிறது. கர்மா விழிக்கிறது; மரபணுவின் வாசகம் நடுவிலேயே அறுபட்டுப் போகிறது; பூ கோணுகிறது. நல்ல மரத்துக்கும் கெட்ட மரத்துக்கும் எழுத்தில் பேதம் இல்லை. பேதம் முழுவதும் மௌனம் காக்கப்பட்டதா கலைந்ததா என்பதில் இருந்தது. கண்டுபிடிப்பின் பெரும்பயன் என்னவென்றால், கன்று நாற்றங்காலில் இருக்கும்போதே ஒரு துண்டு இலையை எடுத்து, அந்த இடத்தில் மெதில் குறி இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லிவிட முடிகிறது.

இது நம் நாட்டுக்கு ஏன் வேண்டியிருக்கிறது? உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் தேசம் நம்முடையது. எண்ணெய்ப் பனையை இங்கேயே பெருக்குவதற்கென்று 2021-இல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் ஒரு தனி இயக்கத்தையே தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அம்மரம் பயிராகிறது. கன்றுகளுக்கான தேவை பெருகும் வேளையில், திசு வளர்ப்புக் கன்றுகளும் இன்றோ நாளையோ வந்தே தீரும். வாழையில் அவை ஏற்கெனவே வந்துவிட்டன. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன் என்று நாம் கொண்டாடும் வாழைகள் யாவும் இரு காட்டு வாழை இனங்களின் கலப்பில் பிறந்தவை என்பதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். திசு வளர்ப்பு வாழையில் இடையிடையே குட்டையாகவோ இலை கோணியோ வரும் மரங்களுக்கெல்லாம் மெதில் குறியே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பலவற்றுக்கு வேறு காரணம் இருக்கலாம். ஆனால் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கென்று நம் நாட்டில் ஏற்பட்டுள்ள சான்றளிப்பு முறை இரண்டைத்தான் பார்க்கிறது: நச்சுயிரி நோய் இல்லையா, டி.என்.ஏ. குறியீடுகள் தாய் மரத்தோடு ஒத்திருக்கின்றனவா. இரண்டும் அவசியமானவை, இரண்டாவது சோதனையோ, போர்வை போர்த்த பழம் தரவிருக்கும் எண்ணெய்ப் பனைக் கன்றையும் குறையற்றது என்றே தேர்ச்சி அளித்துவிடும். எழுத்தை மட்டும் படிக்கும் சோதனைக்கு எழுத்தின் மேலிருக்கும் குறி புலப்படாது.

ஆகையால் மெதில் சோதனை எந்தப் பயிருக்கு உண்டோ அந்தப் பயிரில் அதைக் கட்டாயமாக்க வேண்டும். சோதனை இன்னும் ஏற்படாத பயிர்களில், ஒவ்வொரு தாய்த் தொகுதியின் மாதிரிக் கன்றுகளையும் பூத்துக் காய்க்கும் வரை வளர்த்துப் பார்த்த பின்னரே மற்றவற்றை விற்க அனுமதிக்க வேண்டும். இதனால் கன்றின் விலை ஏறும், புதிய ரகம் விவசாயியிடம் சேரக் காலதாமதம் ஆகும் என்று உற்பத்தியாளர்கள் சொல்வார்கள். தாமதம் ஆகும்தான். அந்தத் தாமதத்தின் செலவை இப்போது ஏற்றுக்கொண்டிருப்பவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூன்று ஆண்டுகள் ஆய்வகத்தின் வயலில் காத்திருக்காமல், மூன்று ஆண்டுகள் குத்தகை நிலத்தில் காத்திருக்கும்படி ஆகிறது. நிபுணனுடைய சோதனை, கடன் வாங்கி நட்ட குடியானவனின் தோட்டத்தில் அவனை அறியாமலே நடத்தப்படுகிறது.

கடுகைப் பற்றியும் இதே கண்ணோட்டத்தில் ஒரு வார்த்தை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட மரபு மாற்றக் கடுகு ஒட்டு ரகத்தைப் பயிரிடலாமா என்ற வழக்கில், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். அதைச் சூழ்ந்த பெரும் விவாதத்தில், ஒரு சாரார் அந்நிய மரபணு வந்ததே ஆபத்து என்றும், மறு சாரார் அது இன்ன எழுத்து, இன்ன இடம், ஆகவே கவலையில்லை என்றும் வாதித்ததையே மிகுதியாகக் கேட்டேன். இரு சாராரும் மரபணு இருப்பதையே அது செயல்படுவதற்குச் சமமாகக் கொண்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏற்கெனவே இரு தொகுதிகளின் இசைவினால் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு செடியில், சேர்க்கப்பட்ட மரபணு எத்தனை தலைமுறை, எந்த வெப்பத்தில், எந்த மண்ணில் ஒரே சீராகப் பேசுகிறது என்பது, ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி. மரபு மாற்றம் இல்லாத சாதாரண வீரிய ஒட்டு ரகங்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். முளைப்புத் திறனுக்கும் தூய்மைக்கும் வரம்பு கட்டிய 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம், அக்காலத்து அறிவுக்கு ஏற்றதாகவே இருந்தது. அந்த அறிவு வளர்ந்துவிட்டது. சட்டமும் அதோடு வளர வேண்டும்.

பெற்றோர் இனங்களைப் பாதுகாப்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். கலப்பில் ஒரு குணம் வெளிப்படவில்லை என்பதனால் அக்குணத்தைத் தந்த பெற்றோரைப் பயனற்றதென்று கழித்துவிடும் பழக்கம் விதைப் பண்ணைகளில் உண்டு. கோசின் மரபணுக்கள் ராப்பின் இலையில் பேசவில்லை என்று முடிவு கட்டியிருந்தால், அவை பூவில் விழிப்பதை யாரும் கண்டிருக்க முடியாது. நவாஷின் தம் கலப்பைத் திரும்பப் பெற்றோரோடு சேர்த்துப் பார்த்ததனால்தான் மறைந்தது அழியவில்லை என்று தெரிந்தது. சேர்ப்பதற்குப் பெற்றோர் இனம் தோட்டத்தில் உயிரோடு இருந்தது. கருங்கடுகின் பழைய நாட்டு வகைகளும், காட்டு வாழைகளும், காய் பிடிக்காத பிசிஃபெரா மரங்களும் ஆராய்ச்சிப் பண்ணைகளில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பவையாகக் கணக்கர்களுக்குத் தோன்றலாம். அவற்றை வைத்துக் காப்பதற்கான பணத்தை ஆண்டுதோறும் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் ஆராய்ச்சியாளரை வைத்திருக்கக் கூடாது. விதை விற்பனையின் ஒரு சிறு பங்கிலிருந்தே அதற்கு நிலையான நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

கடைசியாகக் கன்று விற்பவரின் பொறுப்பு. வாழையானாலும் எண்ணெய்ப் பனையானாலும், திசு வளர்ப்புக் கன்றை விற்பவர் எந்தத் தாய் மரத்திலிருந்து, எந்த ஆண்டில், எத்தனை முறை குடுவை மாற்றிப் பெருக்கப்பட்டது என்பதைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். அப்பொறுப்பு முதல் குலை வெட்டும் நாள் வரையில் அவரைத் தொடர வேண்டும். கோணிய பூவோடு நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும், கன்றின் விலையை மட்டுமன்றி, அந்த மரம் நின்ற நிலத்தின் இத்தனை ஆண்டு வாடகையையும் அவர் தரக் கடமைப்பட்டவர் என்று சட்டத்தில் எழுதிவிட்டால், நாற்றங்காலில் ஒரு துண்டு இலையைச் சோதிப்பதற்குப் பணம் இல்லை என்று சொல்பவர் ஒருவரும் இருக்கமாட்டார்.